இருமுறை தண்ணீர் ஊற்றவும்

மூன்றாவது பாட்டிலின் மூடியைத் திருகும்போதே அருமைநாயகத்துக்குக் குமட்டியது. தண்ணீரில் குறையொன்றும் இல்லை, சீல் உடையாத அரை லிட்டர் பாட்டில், வெளியே கடையில் அவரே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கியது; குமட்டலெல்லாம் அதைக் குடிக்க வேண்டியிருந்த இடத்தால். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரின் நிலத்தடி அறை. ஜன்னல் கிடையாது. ஆறு ரெக்ஸின் நாற்காலிகள், அதில் இரண்டு கிழிந்து பஞ்சு தெரிகிறது, பஞ்சு ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது அதன் நிறத்தைப் பற்றி நினைக்காமல் இருப்பதே நல்லது, ஆனால் நினைத்தார், எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த சூடு அதில் ஊறியிருக்கும் என்று நினைத்தார், தினத்தாளை இரண்டாக மடித்து விரித்து அதன் நுனியில் மட்டும் உட்கார்ந்திருந்தார். கதவில் மூன்று இதழ் விசிறி போல கதிர்வீச்சை எச்சரிக்கும் ஒரு மஞ்சள் அடையாளம், அதன் கீழே துணைக்கு வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தது. முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவருக்கு எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் மூலைக்குத்தான் போகும், போயிற்று, மூலையில் ஒரு பஞ்சுருண்டை, நடுவில் காய்ந்த ரத்தப்பொட்டு, அதைச் சுற்றி இரண்டு எறும்பு. பத்தே முக்காலுக்கு நீலக் கோட்டுப் பெண் ஒருத்தி ஈயப் பெட்டியிலிருந்து எடுத்த, இரும்பு உறை போட்ட ஊசியை அவர் கையில் ஏற்றிவிட்டு, ஏற்றிய அந்த நிமிஷமே மூன்றடி பின்னால் நகர்ந்துகொண்டாள். மருந்து எலும்பில் போய் ஒட்ட மூன்று மணி நேரம் ஆகுமாம், ஒட்டாதது மூத்திரத்தில் இறங்குமாம், நிறையக் குடியுங்கள், அடிக்கடி போங்கள் என்று தூரத்தில் நின்றே சொன்னாள். அவள் மேல் அவருக்குக் கோபமில்லை. அந்த மூன்றடியை அவருக்கு நன்றாகத் தெரியும். ஓட்டல் சமையலறைகளில் சாக்கடை மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு அவர் பின்வாங்கி நிற்கும் அதே மூன்றடி. இப்போது மூடிக்குக் கீழே கிடப்பது அவர்தான் என்பதுதான் புதிது.

பரவியிருக்கலாம் என்று சொல்லியிருந்தார் பாளையங்கோட்டை டாக்டர். என்ன பரவியிருக்கலாம், எங்கிருந்து பரவியிருக்கலாம் என்றெல்லாம் சொல்லவில்லை. வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு வருஷமாக வலி, தொட்டால் அந்த இடம் மட்டும் சுடும், மழைக்காலத்தில் கூடச் சுடும், செருப்பு ஒரு பக்கமாகத் தேய்கிறது, கால் லேசாக வளைந்திருக்கிறதோ என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டார், இல்லை, வேட்டிக்கு வெளியே தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஏதோ ஒன்று பத்து மடங்கு இருந்தது. எலும்பில் ஏதோ வேலை நடக்குது சார், ஒருவேளை எங்கிருந்தாவது பரவியிருக்கலாம், எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்திருவோம். பரவு என்பது நல்ல சொல்லாக இருந்த காலமும் உண்டு, சுவிசேஷம் பரவியது, புகழ் பரவியது. அவர் வீட்டில் அந்தச் சொல் ஒரே ஒரு முறை வந்தது, அதன் பிறகு அதற்கு வேறு அர்த்தமே இல்லாமல் போயிற்று. மனைவி லில்லிபுஷ்பத்தின் எலும்பில் பரவியிருக்கிறது என்றார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் இதே ஸ்கேன் எடுத்தார்கள், இதே ஊரில், வேறொரு கட்டடத்தில். அன்றைக்கு இவர் மாடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் படியேறி வந்த லில்லி, உள்ளே ஒரே மூத்திர வாடைங்க, உங்களால பத்து நிமிஷம் இருக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தாள். தனக்கு வந்த வியாதியை விட அவருடைய மூக்கைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. பத்து நிமிஷம் இல்லை லில்லி, ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மகன் டேனியல் மஸ்கட்டில் இருக்கிறான், துணைக்கு வந்திருப்பது லில்லியின் தங்கை ரூபவதி. மாடியில் உட்கார்ந்திருப்பாள், மடியில் பையை வைத்து அதன் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. விடியற்காலை ரயிலில் ஏறியதிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. ஏதோ சொல்ல வருவதுபோல இரண்டு தடவை திரும்பினாள், பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாடை அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் பவுடர் வாடை, மலிவான ரோஜாப் பவுடர், அப்புறம் அதற்கு அடியிலிருந்து மற்றது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள், ஐம்பது வயதிருக்கும், இடது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி மினுமினுத்தது, முந்தானையைக் கழுத்து வரை இழுத்துச் செருகியிருந்தாள். நீலக் கோட்டுப் பெண் வாசலில் நின்று, சீனியம்மா, நீங்களும் தண்ணி நிறையக் குடிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அருமைநாயகம் மூச்சை நிறுத்திக்கொண்டார். எவ்வளவு நேரம் நிறுத்த முடியும். வாயால் இழுத்தார். வாயால் இழுத்தால் மூக்குக்குத் தப்பலாமே தவிர அது நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, முகர்வதற்குப் பதிலாகத் தின்பதுபோல ஆகிவிடுகிறது. இந்த வாடையை அவர் ஆயிரம் வாடைக்கு நடுவிலும் பிரித்துச் சொல்வார். கெட்டுப்போன இறைச்சி இல்லை, இறைச்சி கெட்டால் அதில் ஒரு புளிப்பு இருக்கும்; எலி செத்த வாடை இல்லை, அது காய்ந்தது; இது ஈரமும் இனிப்புமாக, சூடாக, உயிரோடு இருப்பது. லில்லியின் புற்றுப்புண் வெடித்ததிலிருந்து அவள் கண்மூடும்வரை பதினான்கு மாதம் அது அவர் வீட்டின் நடுவறையில் குடியிருந்தது. திரைச்சீலையில், காப்பியில், அவர் சட்டைக் காலரில், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில் கூட இருந்தது. எத்தனை ஓட்டல்களில் எத்தனை பாத்திரங்களுக்குள் மூக்கை விட்டிருக்கிறார். புழு நெளியும் மாவுக்குள் கையை விட்டு அள்ளிக் காட்டியிருக்கிறார், முதலாளிமார் நடுங்கிப்போவார்கள், இவருக்கு ஒன்றும் செய்யாது. அதெல்லாம் அடுத்தவன் அசிங்கம், பிளீச்சிங் பவுடரைத் தூவு, நோட்டீஸை எழுது, வீட்டுக்குப் போய்த் தலைமுழுகு, முடிந்தது. அருவருப்புதான் அவருக்குச் சோறு போட்டது. அவர் முகத்தைச் சுளித்தால் ஒரு கடையை மூட வேண்டியிருக்கும். வீட்டில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய. லில்லியை நோட்டீஸ் எழுதி மூடிவிட முடியுமா.

அந்த நினைப்பிலேயே அவருக்கு உடம்பு கூசியது. வேறு எதையாவது நினைக்கலாம் என்று எதிர்ச் சுவரைப் பார்த்தார், சுவரில் மார்பளவுக்கு எண்ணெய்க் கறை, வரிசையாகத் தலைகள் சாய்ந்த கறை. நினைப்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நேராக அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய் நின்றது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் போய் நிற்கும், வேட்டி நுனி ஆணியில் மாட்டுவதுபோல. ரூபவதி கோயிலுக்குப் போயிருந்தாள். மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கே வந்து கட்டைப் பிரித்துக் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குத் தையல் வகுப்பெடுக்கப் போவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராதனை முடிந்து பத்தரைக்கு வருவாள். லில்லி கூப்பிட்டாள், என்னங்க, கட்டு நனைஞ்சு போச்சு, கொஞ்சம் வாங்க. போனார். வாசல்படி வரைக்கும் போனார். சேலைக்கு மேலே ஈரம் படர்ந்திருந்தது, பழுப்பும் மஞ்சளுமாக, ஒரு ஈ அதன் ஓரத்தில் உட்கார்ந்து முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ரூபா வந்திரட்டும் என்றார். அவ வரப் பத்தரை ஆகும்லா என்றாள் லில்லி. இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். எதற்கு இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தெருமுனைக் கடை பூட்டியிருந்தது, அடுத்த கடையும் பூட்டியிருந்தது, மார்க்கெட் வரை நடந்தார், அங்கே திறந்திருந்த ஒரு கடையில் போய் நின்றதும் என்ன வேணும் சார் என்று கேட்டான், வாய் தானாகப் பினாயில் என்று சொல்லியது. ஒரு லிட்டர். வாங்கி வந்து வாளியில் கலந்து அந்த அறையின் நாலு சுவரோரமும் ஊற்றினார், நடைபாதையில் ஊற்றினார், கட்டில் கால் நான்கையும் சுற்றி ஊற்றினார், கல்யாணமான காலத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிய கட்டில். தண்ணீர் வெள்ளையாகத் தேங்கியது. லில்லி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். யாருக்குங்க பினாயில், என்று கேட்டாள். கோபமில்லை அந்தக் குரலில், கோபம் இருந்திருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பார். ஈ வருதுல்லா, என்றார்.

பத்தரைக்கு வந்த ரூபவதி பையை வைத்தாள், தரையைப் பார்த்தாள், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு அருவருப்பு கிடையாது. அப்படிச் சில பேரைக் கடவுள் படைத்திருக்கிறார், மூக்கே இல்லாமல், அவர்களுக்கு மலமும் ஒன்றுதான் மல்லிகையும் ஒன்றுதான். இதை அவர் முதலில் எப்போது நினைத்தார் என்று தெரியவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையே நினைத்திருக்கலாம். நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது, அதிலிருந்து ஏழு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தருக்குக் காது கேட்காது, ஒருத்தருக்கு நிறம் தெரியாது, ரூபவதிக்கு அருவருப்பு தெரியாது. அவருக்கு அது கூடுதல். பிறவிக் கூறு, யார் மேலும் குற்றமில்லை. எனக்கு வந்தாலும் அவள் பார்த்துக்கொள்வாள் என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த அன்றைக்கே ஒரு எண்ணம் ஓடியது, ஓடியதும் வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு கூடவே ஆறுதலாகவும் இருந்தது. ஆறுதல்தான் அதிகம்.

“அண்ணே, இதக் கொஞ்சம் திறந்து குடுங்க,” என்றாள் சீனியம்மா. அவளுடைய தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள். வீங்கிய கை மடியில் கிடந்தது, அது அவளுடையது இல்லை என்பதுபோல. வாங்கித் திறந்து கொடுத்தார். அவள் அண்ணாந்து குடிக்கவில்லை, உதட்டை வைத்தே குடித்தாள், ஒற்றைக் கையால் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லாதவள் எப்படி அண்ணாந்து குடிப்பாள். குடிக்கும்போது வாயோரம் வழிந்தது, வழிந்ததைப் பாட்டிலின் கழுத்தாலேயே ஏந்திக்கொண்டாள். பிறகு மூடுவதற்காக அவரிடமே திரும்ப நீட்டினாள். பாட்டிலின் வாய் நனைந்து பளபளத்தது. அருமைநாயகம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், எப்போதும் மூன்று வைத்திருப்பார், விரல்களில் சுற்றிக்கொண்டு பாட்டிலை வாங்கப் போனார். அவள் அதைப் பார்த்தாள். நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

“பரவால்லண்ணே, திறந்தே இருக்கட்டும்,” என்றாள்.

கால்களுக்கு நடுவில் அதை இடுக்கி வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டை சுற்றிய அவர் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அதைக் கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார், வியர்வைக்காகத்தான் எடுத்தேன் என்பதுபோல. யாருக்காக இந்த நாடகம், அவள்தான் பார்க்கவில்லையே. வாய் வைத்துக் குடிப்பது என்ற ஒன்றால்தான் எத்தனை கஷ்டம். கோயிலில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துக்குப் பீடத்தின் முன் முழங்கால் போடும்போது வரிசையின் முதல் இடம் அவருடையது, முப்பது வருஷமாக. பக்தி என்று ஊர் நினைத்துக்கொண்டது. எல்லா உதட்டுக்கும் முன்னால் தன் உதடு பாத்திரத்தில் பட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இரண்டாவது லில்லி. அவளுக்கு மட்டும் தெரியும், அந்த இடத்தை யாராவது பிடித்துவிட்டால் அவர் எழுந்து அடுத்த வரிசைக்குக் காத்திருப்பார், பக்கத்தில் அவளும் சேர்ந்து காத்திருப்பாள். அவள் எழுந்து நடமாட முடியாமல் போனபிறகு குருவானவர் வீட்டுக்கே வந்தார். முதலில் அவளுக்குத்தானே கொடுப்பார். கொடுத்தார். அவள் தலையைத் தூக்கிப் பிடித்து ரூபவதி குடிக்க வைத்தாள், பாத்திரத்தின் விளிம்பில் லில்லியின் வெடித்த உதட்டிலிருந்து ஒரு துணுக்குத் தோல் ஒட்டியிருந்ததோ, இல்லை ஒட்டியிருப்பதாக இவர்தான் நினைத்தாரோ. பாத்திரம் அவரிடம் வந்தபோது உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தலையை மட்டும் சாய்த்தார். திராட்சரசம் மீசையை நனைத்துவிட்டு இறங்கிப் போயிற்று. ஆமென் என்றார். குருவானவருக்குத் தெரியவில்லை. கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். கடவுளின் ரத்தத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்ட வாய் இது என்று இப்போது நினைக்கும்போது அதற்குள் ஊறிய எச்சிலை விழுங்கவும் முடியவில்லை, துப்ப இடமும் இல்லை.

அடக்க முடியாமல் எழுந்தார். கழிப்பறைக் கதவில் இருமுறை தண்ணீர் ஊற்றவும், ஆண்களும் உட்கார்ந்தே போகவும் என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் உட்காரும் வளையம் நனைந்திருந்தது, தண்ணீரோ வேறோ, கால்மிதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோணிப்பை, அதில் ஈரமான காலடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டாவது கைக்குட்டையால் துடைத்து, அந்தக் கைக்குட்டையைக் குப்பைக்கூடையில் போட்டு, முட்டி வலியோடு பாதி உட்கார்ந்தும் பாதி நின்றுமாகப் போனதில் கணுக்காலில் இரண்டு சொட்டுத் தெறித்தது. கதிர்வீச்சுள்ள சொட்டு. தன்னுடையது. குனிந்து பார்த்தார், அந்த வலது கால், முன்னெலும்பு கத்தி முதுகுபோல முன்னால் வளைந்துதான் இருந்தது, இங்கே இந்த வெளுத்த ட்யூப்லைட்டில் நன்றாகவே தெரிந்தது, தோல் மினுங்கியது, மயிர் உதிர்ந்திருந்தது. தொட்டார், சுட்டது. உள்ளே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. இதைத்தான் இத்தனை வருஷமாகச் சந்தனச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார், தினம் இரண்டு வேளை. ஒரு முறை தண்ணீர் விட்டார், இன்னொரு முறை விட்டார். எழுதியிருப்பது இரண்டு முறைதான் என்றாலும் மூன்றாவது முறையும் விட்டார், நாலாவது முறை விசையை அழுத்தியபோது தொட்டியில் தண்ணீர் இல்லை. வெற்றுத் தொட்டி கரகரத்தது. யாருக்குங்க.

ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். பலகை மாதிரி ஒடுக்கமான கட்டில், கைகளை உடம்போடு சேர்த்துப் பட்டையால் கட்டினாள் நீலக் கோட்டுப் பெண், அசையக்கூடாது என்றாள், சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் போய்விட்டாள். ஒரு பெரிய தட்டு மேலிருந்து இறங்கி மூக்கு நுனிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அதில் எத்தனை பேரின் மூச்சு பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டார். கட்டப்பட்ட கையில் அரிப்பு எடுத்தது, பிறகு காதில், பிறகு எங்கே என்றே தெரியவில்லை. கடைசி நாட்களில் லில்லியும் இப்படித்தான் கிடந்திருப்பாள், திரும்பிப் படுக்கக்கூட இன்னொருத்தர் கை வேண்டியவளாக, ஈயை விரட்ட முடியாதவளாக. ஈ என்று நினைத்த உடனே அவர் கன்னத்தில் ஒன்று உட்கார்ந்தது, உண்மையிலேயே உட்கார்ந்ததா, ஜன்னலில்லாத அறைக்குள் அது எப்படி வரும், வாயை ஒரு பக்கமாகக் கோணினார், போகவில்லை, ஊதினார், அசையாதீங்க சார் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அரை மணி நேரம் கழித்துத் தட்டு கால் பக்கம் போனபிறகு கண்ணைத் திறந்து தலையைச் சாய்த்தால் திரை தெரிந்தது. சாம்பல் புள்ளிகளாக ஒரு எலும்புக்கூடு. மண்டையோடு, விலாவரிசை, எல்லாம் மங்கல். இடுப்பில் இடது பாதி மட்டும் அடர்த்தியாக, வலது முழங்காலுக்குக் கீழே முழு எலும்பும் மையைக் கொட்டியதுபோலக் கறுப்பாக. மற்ற காலோடு ஒப்பிட்டால் அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பரவியிருக்கிறது என்று நினைத்தார். பயம் வரும் என்று எதிர்பார்த்தார். முதலில் வந்தது பயமில்லை, கட்டைப் பிரிக்கும் சத்தம் வந்தது, காய்ந்த துணி தோலிலிருந்து உரியும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம், வாசல்படியில் நின்று பதினான்கு மாதம் கேட்டு, கேட்டதுமே அவர் தெருவில் இறங்கிப் போய்விட்ட சத்தம்.

அப்புறம் அந்தக் காலையும் இடுப்பையும் தனியாக எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கேன் சென்டர் டாக்டர் அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தபோது மூன்றரை ஆகியிருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு, இது கேன்சர் இல்லை என்றார். பேஜட் நோய் என்று பெயராம். எல்லாருக்கும் எலும்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து கொஞ்சங்கொஞ்சமாகப் புதிதாகும். இவருக்கு அந்த இரண்டு இடத்தில் மட்டும் அது தலைகால் தெரியாமல் நடக்கிறது, இடிக்கிறதும் கட்டுகிறதுமாக, அவசரத்தில் கட்டுவதால் தடித்து வளைந்துபோகிறது, அங்கே ரத்தம் அதிகமாக ஓடுவதால் தொட்டால் சுடுகிறது. மருந்து பூராவும் அங்கே போய் அப்பிக்கொண்டது அதனால்தான். பரவாது. ஒரு ஊசி போட்டால் அடங்கும், அடுத்த ஊசி தேவையா என்று பிறகு ரத்தம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். பரவாதா என்று அருமைநாயகம் கேட்டார். பரவாது சார் என்றார் டாக்டர். இன்னொரு தடவை கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, இன்னைக்கு ஒரு நாள் கைக்குழந்தைகள், கர்ப்பிணிப் பெண்கள் பக்கத்தில் நெருங்கி உட்காராதீங்க, அவ்வளவுதான் என்றார். வெளியே வரும்போது அந்த அறைக் கதவு திறந்திருந்தது. சீனியம்மா அதே நாற்காலியில், திறந்த பாட்டிலோடு, அவருடைய முறைக்குப் பிறகு வேறு யாரையோ உள்ளே அனுப்பியிருந்ததால் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அந்த வாடை இல்லை, நான் இவளைப்போல இல்லை, என்று அவருக்குள் ஒன்று குதித்தது, படியேறும்போது கால்வலி கூடத் தெரியாமல் குதித்தது. நடுப்படியில்தான் என்ன நினைத்தோம் என்று காதில் விழுந்ததுபோலக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். இப்படி ஒரு சந்தோஷத்தைத் தொடக்கூட அவருக்குக் கைக்குட்டை வேண்டியிருந்தது.

ரூபவதி முன்வாசல் சிமெண்ட் பெஞ்சில் இருந்தாள். கேன்சர் இல்லையாம் என்று சொல்லி டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார், கைக்குழந்தை, கர்ப்பிணி விஷயத்தையும் சொன்னார். நம்ம வீட்ல ரெண்டும் இல்ல என்றாள் அவள். கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தாள், ஜெபிக்கிறாள் என்று நினைத்து அவரும் தலையைக் குனிந்தார். ஆட்டோ கூப்பிடலாமா என்று கேட்டதற்கு அவள் எழுந்திருக்கவில்லை.

“நல்லதாப் போச்சு அத்தான்,” என்றாள். “ரெண்டு வாரமா எனக்குச் சாப்பாடு இறங்கல.”

அவருக்குக் கண் கலங்கியது. தனக்காகச் சாப்பிடாமல் இருக்க உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறது. அவள் பையின் காதுகளை முறுக்கிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினாள்.

“வேற மாதிரி வந்திருந்தா என்னால பாக்க முடியாதுன்னு உங்ககிட்ட சொல்லிரணும்னுதான் இன்னைக்குக் கூட வந்தேன். ரயில்லயே சொல்லிரலாம்னு பாத்தேன், வாய் வரல. டேனியலுக்குப் போன் போட்டு ஒரு நர்ஸ ஏற்பாடு பண்ணச் சொல்லணும்னு நெனச்சிருந்தேன். இப்ப சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. ஆனா சொல்லாம வச்சிருந்தா நான் பாத்துக்கிடுவேன்னு நீங்க நம்பிக்கிட்டே இருப்பிய.”

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. பிறகு ஏழு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது வெளியே வந்தது.

“உனக்குத்தான் அருவருப்பே கிடையாதே, ரூபா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் அவர் எதிர்பார்த்த எதுவும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான் இருந்தது.

“அப்படி யாரு சொன்னா?” என்றாள். “பதினாலு மாசமும் ஒரு நாள் விடாம எனக்குக் குமட்டும் அத்தான். கட்டப் பிரிச்சதும் பின்வாசலுக்கு ஓடிப்போயி வாந்தி எடுத்துட்டு வந்துதான் கழுவுவேன். அதுக்குப் பொறவு பள்ளிக்கூடத்துல போயி உக்காந்தா பிள்ளைய எல்லாம் என்னையவே பாக்குற மாதிரி இருக்கும், என் மேல வாடை அடிக்குதோன்னு.”

“லில்லிக்குத் தெரியுமா?”

“தெரியாம இருக்குமா. நான் வாய் கொப்பளிக்கன்னு ஒரு செம்புல தண்ணி வச்சிருப்பா. பக்கத்துக் குடத்துல இருந்து அவளேதான் மோந்து வைப்பா, ஒத்தக் கையால. என்னைய வைக்க விட மாட்டா. நான் வந்து கொப்பளிச்சு முடிக்கிற வரைக்கும் அவ புண்ணத் திறந்து போட்டுக்கிட்டுப் பேசாமக் கிடப்பா. முடிச்சதும், சரியாப் போச்சாடின்னு கேப்பா.”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. அக்காவும் தங்கையும் மட்டும் வைத்திருந்த ஒன்று. பிறகு அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆட்டோவைப் பார்க்க ரோட்டோரம் போனாள்.

அந்தச் செம்பை அருமைநாயகத்துக்குத் தெரியும். எவர்சில்வர் செம்பு, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் தரையில் இருக்கும், விடிந்தால் கழுத்து வரை நிறைந்திருக்கும், ரூபவதி கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பத்து மணிக்கு மேல் நிறையும். திறந்த தண்ணீர் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்த அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்த ஒன்றிரண்டு நாட்களில், ஈ விழுந்துவிடுமே என்று குனிந்து அதன்மேல் ஒரு தட்டை எடுத்து மூடிவிட்டு வேகமாக வெளியே வந்திருக்கிறார். லில்லி படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது யாருக்கான தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.